ரோமைக் கவிழ்த்தது காரீயப் பாத்திரமா?

ரோமப் பேரரசு காரீயப் பாத்திரத்தில் சமைத்துத்தான் அழிந்தது என்று ஒரு பதிவு அடிக்கடி சுற்றி வருகிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ரோமர்களுக்குச் சமையலில் போடச் சர்க்கரை கிடையாது. தேன், அதை விட்டால் திராட்சைச் சாற்றைச் சுண்டக் காய்ச்சிய பாகு. பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வற்றும் பதத்தைப் பொறுத்து தெஃப்ருதும், சாபா என்பார்கள். ஒயினில் கலக்க, பழத்தை ஊறப்போட, கறிக்குழம்பில் ஊற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். 1-ஆம் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா பக்குவம் சொல்கிறார்: பாத்திரத்தின் உட்புறம் நல்ல எண்ணெய் தடவ வேண்டும், முதலில் தீ மெதுவாக எரிய வேண்டும், பொங்கும் நுரையை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெண்கலம் வேண்டாம், கொதிக்கும்போது களிம்பு இறங்கி ருசியைக் கெடுத்துவிடும், காரீயமே மேல் என்கிறார். புளிப்புள்ள சாறு அதில் மணிக்கணக்கில் கொதித்தால் காரீயம் கரையத்தான் செய்யும். அது நஞ்சு, சந்தேகமே இல்லை. (நம் வீட்டு ரசச் சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம்.)

ஆனால் கொலுமெல்லா காலத்துக்கும் மேற்கு ரோம் விழுந்த 476-க்கும் இடையே நானூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கிழக்கு ரோமப் பேரரசிலும் இதே திராட்சைப் பாகு புழங்கியது. அந்தப் பேரரசோ 1453 வரை நின்றது. அப்புறம், ரோமர்கள் ஒன்றும் அறியாதவர்களும் இல்லை. காரீய வேலை செய்பவர்கள் வெளிறிப் போவதைச் சுட்டிக்காட்டி, குடிநீருக்கு மண்குழாயே நல்லது என்று எழுதியவர் கட்டடக் கலைஞர் வித்ருவியஸ். வெண்கலப் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசினால் களிம்பு அடங்கும், ருசியும் கூடும் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்.

போர், கொள்ளைநோய், காலியான கருவூலம், அரியணைச் சண்டை என்று எத்தனையோ காரணங்கள் இருக்க, எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். அதைவிட எனக்குக் கோபம் வருவது வேறு விஷயத்தில். ரோமர் காலத்தில் காரீயமும் வெள்ளியும் உருக்கிய புகையின் தடம் கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் இன்றும் இருக்கிறது. அவ்வளவு தூரம் போன புகையை உலைக்குப் பக்கத்திலேயே நின்று சுவாசித்தவர்களில் அடிமைகள் ஏராளம். காரீயத்தால் பேரரசர்களுக்குப் புத்தி பேதலித்ததா என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அந்த உலையடி ஆட்களைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்?