ஓட்டுப் போட்ட பிறகு

ஓட்டுக்குப் பணம் வாங்குவது நின்றால் ஜனநாயகம் பிழைத்துக்கொள்ளும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, நிற்க வேண்டியதுதான். ஆனால் ஓட்டுப் போட்ட பிறகு நம் பேச்சைக் கேட்க ஆள் வேண்டுமே?

1996-ல் எங்கள் ஈரோட்டுப் பக்கம் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலோர் விவசாயிகள். ஜெயிக்க நிற்கவில்லைங்க, தங்கள் குறை காதில் விழட்டும் என்று நின்றார்கள். வாக்குச்சீட்டு புத்தகம் மாதிரி ஆனது, தேர்தலே தள்ளிப்போனது. அதே வருஷம் சட்டமன்ற டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

உள்ளாட்சியும் அப்படித்தான். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தும் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. மூன்று வருஷம் தனி அலுவலர் ஆட்சி, அதாவது நாம் தேர்ந்தெடுத்தவருக்குப் பதில் அரசு அதிகாரி. சாக்கடை அடைத்தால் கேட்க வார்டு மெம்பர்கூட இல்லை.

ஊர் மக்கள் கூடிக் கேள்வி கேட்கிற கிராம சபை வருஷத்துக்கு ஆறு உண்டு. அந்த நாட்களில் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் பொது விடுமுறை இல்லை. தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள் பகலில் எப்படி வருவார்கள்? அந்த இரண்டையாவது சாயங்காலம் ஆறு மணிக்கு வையுங்கள். வரவு செலவை வரிவரியாக வாசியுங்கள். நான் வருகிறேன், பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருகிறேன்.