கூந்தன்குளத்துக்கு டிசம்பரில் போய் ஏமாறாதீர்கள்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பற்றிய உங்கள் கட்டுரையில், அங்கே போக டிசம்பரே ஏற்ற மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பக்கத்து ஊர்க்காரன். மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீர் வந்து குளம் எவ்வளவு நிரம்புகிறது என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எல்லாமே. டிசம்பரில் போனால் சில வருடம் வெறும் கொக்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பிப்ரவரி, மார்ச்சில் போய்ப் பாருங்கள். இமயமலையைத் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் ஊர் திரும்பியிருக்காது. மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூட்டில் குஞ்சோடு இருக்கும். அதுவும் குளத்துக்குள் மட்டுமில்லை, தெருவில், வீட்டு முற்றத்து வேப்பமரத்தில்! எச்சம், மீன் வாடை, ராத்திரி முழுக்கச் சத்தம். இத்தனையையும் சகித்துக்கொண்டு தீபாவளிக்கு வெடிகூடப் போடாமல் இருக்கிற அந்த ஊர்க்காரர்களைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாக அடிப்பார்கள், அது தனிக் கதை. 1994-ல் சரணாலயமாக அறிவித்ததற்கு ரொம்ப முன்னாலிருந்தே இப்படித்தான்.

காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் கண்ணாடி மாதிரி பளபளக்கிற தண்ணீர்தான் தெரியும். பைனாகுலர் அவசியம். மரத்தடியில் நிற்பவர்கள் தொப்பி போட்டுக்கொள்வது நல்லது, அனுபவத்தில் சொல்கிறேன்.