பவுச்சரின் கையுறையும் ஆடம்ஸின் பெயரும்

பள்ளி நாட்களில் நான் விக்கெட் கீப்பர். ஸ்டம்புக்குப் பின்னால் எப்படி உட்கார வேண்டும் என்பதையே தென்னாப்பிரிக்க அணியின் கீப்பர் மார்க் பவுச்சரைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். 2012 ஜூலையில், இங்கிலாந்தின் டான்டனில், இம்ரான் தாஹிர் போட்ட பந்தில் ஸ்டம்பின் மேலிருந்து தெறித்த பெயில் அவருடைய இடது கண்ணில் பட்டது. மறுநாளே ஓய்வு அறிவித்துவிட்டார். டெஸ்டில் மட்டும் 555 பேரை வெளியேற்றிய மனிதர் இனி கையுறை போட மாட்டார் என்பதை ஏற்க எனக்குப் பல நாட்கள் ஆயின.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, கிரிக்கெட்டில் இனப்பாகுபாடு பற்றித் தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வாரியம் நடத்திய சமூக நீதி விசாரணையில், பவுச்சரோடு ஆடிய சுழற்பந்து வீச்சாளர் பால் ஆடம்ஸ் பேசினார். தலையைக் கவிழ்த்து, உடம்பை முறுக்கிப் பந்தை விடுவாரே, அதே ஆடம்ஸ். 18 வயதில் டெஸ்டுக்கு வந்தவர். வெற்றிக்குப் பிறகு நடக்கும் அணிக் கூட்டங்களில் சக வீரர்கள் பாடிய பாட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தோலின் நிறத்தையும் மலத்தையும் சேர்த்து வைத்த பெயர். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று, பின்னாளில் மனைவியான பெண் கேட்டபோதுதான் அது தவறென்று தனக்கு உறைத்ததாகச் சொன்னார்.

பாடியவர்களில் தானும் ஒருவன் என்று பவுச்சர் ஒப்புக்கொண்டார். பெயரைத் தான் வைக்கவில்லை என்றார். மன்னிப்பும் கேட்டார். நிறவெறிக் காலம் முடிந்து வந்த புதிய சூழலுக்குத் தங்களை யாரும் தயார்ப்படுத்தவில்லை என்பது அவர் தரப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

ஆனால், சுழற்பந்து வீச்சாளரின் மணிக்கட்டைக் கீப்பரைப் போல உற்றுப் பார்ப்பவர் மைதானத்தில் வேறு யாரும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பும் என்பது கையை விட்டுப் பந்து கிளம்பும்போதே தெரிந்தாக வேண்டும். ஆடம்ஸை அவ்வளவு நெருக்கமாகப் படித்த கண்களுக்கு, அந்தப் பாட்டு அந்தப் பையனை என்ன செய்யும் என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போனது? இதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த விவகாரத்தை ஒட்டிப் பவுச்சர் மீது சுமத்திய குற்றச்சாட்டுகளை 2022 மே மாதம் வாரியம் திரும்பப் பெற்றது. ஆடம்ஸ் சாட்சி சொல்ல முன்வரவில்லை. தன் கவலை தனியொருவரைப் பற்றியதல்ல, அன்றைய அணியின் பண்பாட்டைப் பற்றியது என்றார். உடனே என்னைப் போன்ற ரசிகர்கள் பலர், எதுவுமே நடக்கவில்லை என்பதுபோல் கொண்டாடினார்கள். பாடியதாக அவரே ஒப்புக்கொண்ட பிறகு எதைக் கொண்டாடுவது?

பவுச்சரை மட்டமான கீப்பர் என்று யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்கு வருவேன். அந்தப் பாட்டை வெறும் கேலி என்று சொன்னாலும் வருவேன்.