பெரியம்மாவைத் தெய்வமாக்க வேண்டாம்

ஞாயிற்றுக்கிழமை என் பெரியம்மாவின் படத்திறப்பில் பெரியவர் ஒருவர் பேசியதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோதான் ஓடுகிறது. பேசியவர் பெயரை எழுதப்போவதில்லை, தேவையும் இல்லை. "அக்கா வேலைக்குன்னு எங்கயும் போகல, ஒரு பதவியிலயும் இல்ல. வீட்டையும் ஊரையும் பார்த்துக்கிட்டே காலத்த ஓட்டிட்டாங்க. தெய்வம் மாதிரி மனுஷி." இவ்வளவுதான் பேசினார். கூட்டமே தலையாட்டியது. துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கிருந்து நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

பெரியம்மா வேலை செய்தார். வாழ்நாள் முழுக்கச் செய்தார். நாம் சம்பளம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

1991இல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துக்கு, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் வந்ததை இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார், கல்குவாரிப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள், நாடே திரும்பிப் பார்த்தது, எல்லாம் உண்மை. ஆனால் பகலெல்லாம் வேலை செய்து களைத்து வந்த பெண்களை ராத்திரியில் திண்ணையில் உட்காரவைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்தது யார்? காசு வாங்காத தொண்டர்கள். பெரியம்மா அதில் ஒருவர். அப்பத்தா பக்கவாதத்தில் படுத்துக் கிடந்த காலமும் அதுதான். அப்பத்தாவுக்குத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். நான் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன். தன் பெயரை முதல்முறை எழுதிவிட்டு அழுத பாட்டிகளை அந்தத் திண்ணைகளில்தான் பார்த்தேன். அவர்களில் ஒருவர் ரேஷன் கார்டில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்று கடையில் சண்டை போட்டதைப் பெரியம்மா சொல்லிச் சொல்லிப் பூரிப்பார்.

போலியோ சொட்டு மருந்து முகாம் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுவார். வராத பிள்ளை எது என்று அவருக்கு மனப்பாடம். வீடு தேடிப் போய்ச் சொட்டு மருந்து கொடுக்க வைத்து, சுண்டுவிரலில் மை வைத்தாச்சா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. அந்தச் சான்றில் அவருக்கும் பங்கு உண்டு என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கஜா புயலை இதை வாசிக்கிற யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16 விடியும்போது கீரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் தென்னை என்று ஒன்று நிற்கவில்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. பெரியம்மா வீட்டு ஓடும் பாதி பறந்துவிட்டது. அந்த வீட்டு வாசலில்தான் மூன்று கல் அடுப்புக் கூட்டி, தெருவுக்கே சோறு வடித்தார். வாடகை ஜெனரேட்டர் வைத்து எந்தத் தெருத் தொட்டிக்கு முதலில் தண்ணீர் ஏற்றுவது என்ற தகராறைத் தீர்த்ததும் அவர்தான். கைக்குழந்தை இருக்கிற தெருவுக்கு முதலில் என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவர் வீட்டுக்கும் அன்றைக்குச் சோறு போனது. நான்தான் தூக்கில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நம்ம ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆடி மாதம் மொய் விருந்து வைக்கிற ஊர் இது. யார் எவ்வளவு எழுதினார்கள் என்று நோட்டுப் போட்டு, தலைமுறை தாண்டியும் எடுத்துப் பார்த்து, வாங்கியதற்குக் குறையாமல் திருப்பிச் செய்கிறவர்கள் நாம். ஐம்பது ரூபாய் விட்டுப்போனால் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். அப்படிப்பட்ட ஊரில் இந்த ஒரு மனுஷி செய்ததை மட்டும் யாரும் எந்த நோட்டிலும் எழுதவில்லை. திருப்பிச் செய்யவேண்டிய நேரம் வந்ததும் தெய்வம் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டோம்.

உடனே சொல்வார்கள், "சேவைக்கு விலை வைக்கலாமா?" என்று. விலை வைக்கச் சொல்லவில்லை. தாலுகா ஆபீஸுக்கு யார் யாருடைய முதியோர் உதவித்தொகை மனுவையோ தூக்கிக்கொண்டு போனாரே, அந்த பஸ் காசையாவது ஒருவர் கேட்டுக் கொடுத்தோமா? அவர் மூட்டுவலியில் படுத்த பிறகு எத்தனை பேர் எட்டிப் பார்த்தீர்கள்?

"பெரியவர், ஏதோ வாய்தவறிச் சொல்லிவிட்டார், விடு" என்கிறார்கள். வாய் தவறவில்லை. மனதில் இருந்ததுதான் வந்தது. தலையாட்டியவர்கள் மனதிலும் அதுதான் இருந்தது.

"பெரியப்பா சம்பாதித்துப் போட்டதால்தானே அவரால் ஊருக்கு உழைக்க முடிந்தது?" இது நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. பெரியப்பா நல்ல மனிதர். ஆனால் அதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள். அப்பத்தாவைப் பெரியம்மா பார்த்துக்கொண்டதால்தானே பெரியப்பாவால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது? இதை நான் மட்டும் சொல்லவில்லை. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சரிபாதி உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இதில் சமையல், துவையல் மாதிரி வேலைகள்தான் வரும். பிள்ளைகளையும் நோயாளிகளையும் பார்த்துக்கொள்கிற நேரம் தனிக் கணக்கு.

சொத்துப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் கோபப்பட்டாலும் பரவாயில்லை. பெரியம்மா பெயரில் ஒரு சென்ட் இடம் இல்லை. தோப்பு இல்லை, வீட்டுப் பத்திரத்தில் பெயர் இல்லை. கழுத்தில் காதில் கிடந்ததும் பிள்ளைகள் படிப்புக்குப் போனது. சங்கத்துப் பெண்களிடம், "உங்க பேருல ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்டி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அழுகை வருவது அந்த மேடைப் பேச்சால் மட்டும் இல்லை.

"அவங்களே ஒருநாளும் குறை சொல்லலையே" என்று என் சொந்த அத்தையே நேற்று போனில் கேட்டார். குறை சொல்லாத மனுஷி என்பதற்காக நாம் எதையும் செய்யாமல் இருந்துவிடலாமா அத்தை?

இப்போது கல்வெட்டு வைக்கலாம், சிமெண்ட் பெஞ்சில் பெயர் போடலாம் என்று வசூல் தொடங்கியிருக்கிறார்கள். அதில் என் பெயரை எழுத வேண்டாம். முதியோர் மனு எழுதிக்கொடுக்கிற வேலையை, பிரசவத்துக்குத் துணைக்குப் போகிற வேலையை, பெரியம்மா படுத்த நாளிலிருந்து கீழத்தெருவில் ஓர் அக்கா செய்துகொண்டிருக்கிறார். யார் என்று உங்களுக்கே தெரியும். மாமியாரையும் பார்த்துக்கொண்டு, ராத்திரி பூக் கட்டி அதில் வருகிற காசைப் போட்டு பஸ் ஏறுகிறார். வசூலாகிற பணம் மாதாமாதம் அவர் கைக்குப் போகட்டும். பஸ்ஸுக்கு, போனுக்கு, வழியில் ஒரு சாப்பாட்டுக்கு. நேற்று போய்ப் பேசினேன், முதலில் வேண்டாம் என்றார், பிறகு சம்மதித்தார். இந்த மாதத்துக்கு என் பங்கைக் கொடுத்துவிட்டேன். சேர விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் வாருங்கள்.