காலஸ் வாயசைக்கவில்லை, பாடினார்

பாடியே நடிக்கும் மேடை நாடகம்தான் ஓபரா. 'டோஸ்கா' என்ற ஓபராவில் பாடகி மரியா காலஸ் நடித்த கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. "முழு ஓபரா. இசைத்தட்டில் பதிந்த பாட்டுக்கு வாயசைத்து நடித்தது, நம் சினிமா மாதிரிதான்" என்று கூடவே ஒரு வரி. இது தவறு.

அது 1964 பிப்ரவரி 9 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், ரசிகர்கள் முன்னிலையில் படமாக்கப்பட்டது. பாட்டும் நடிப்பும் ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் நடந்தவை. காதிருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம். 1953 'டோஸ்கா' இசைத்தட்டில் அதே காலஸ், 'விஸ்ஸி தார்த்தே' பாடலின் உச்ச ஸ்வரத்தை உறுதியாகப் பிடிக்கிறார். வீடியோவில், நாற்பது வயதில், குரல் அங்கே நடுங்குகிறது. பழைய தட்டை ஓடவிட்டிருந்தால் அந்த நடுக்கம் எங்கிருந்து வரும்? எனக்கு அந்த நடுக்கம்தான் பிடிக்கும். மன்றாடும் பெண்ணின் குரல் அது.

பிறகு மதுக்கோப்பையை எடுக்கப் போகும்போது மேசையில் கத்தி கண்ணில் படும் அந்தக் கணம்! ஒரு வார்த்தை பாடாமலே, தன்னை மிரட்டும் காவல்துறைத் தலைவன் ஸ்கார்ப்பியாவைக் கொல்ல முடிவெடுத்துவிடுகிறார். ஸ்கார்ப்பியாவாக வரும் டிட்டோ கோபியும் சளைத்தவர் இல்லை.

"முழு ஓபரா" என்பதும் தவறு. படமானது இரண்டாம் அங்கம் மட்டுமே.