நைஜரில் ஆறே இல்லையா?

"நைஜர் நாடு முழுக்க மணல், ஆறும் இல்லை, விவசாயமும் இல்லை" என்று அந்த மேற்கு ஆப்பிரிக்க நாட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

வடக்கே பரந்து கிடப்பது சகாராதான். ஆனால் மக்களில் பெரும்பாலோர் வாழ்வது தெற்கில். தென்மேற்கில் நைஜர் ஆறு சுமார் 550 கி.மீ. ஓடுகிறது, தலைநகர் நியாமே அதன் கரையில்தான் இருக்கிறது. 2020இல் வெள்ளமே புகுந்தது (பாலைவனத்தில் வெள்ளமாம்!).

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கிறார்கள், ஊடே தட்டைப்பயறு. உரலில் இடித்த கம்பு மாவை வேகவைத்து உருட்டி, புளித்த பாலில் கரைத்துக் குடிப்பார்கள். கிட்டத்தட்ட நம்மூர்க் கம்பங்கூழ்.

ஆனால் அங்கே வறுமை இருப்பது பொய்யல்ல. 2004இல் மழை குறைந்து வெட்டுக்கிளியும் சேர்ந்துகொள்ள, மறு ஆண்டு கடும் உணவுத் தட்டுப்பாடு வந்தது.