கணையத்தில் கட்டி என்றால் உடனே ஆபரேஷனா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் கணையக் கட்டி என்று பார்த்ததும் "எப்போ ஆபரேஷன்?" என்றுதான் நம் வீடுகளில் முதலில் கேட்கிறார்கள். அது என்ன வகைக் கட்டி, கணையத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரியாமல் யாரும் தேதி குறிக்கக் கூடாது.

பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த சிடி ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. "மெடிக்கல் கார்டு இருக்குக்கா, இந்த மாசமே எடுத்துடலாம்" என்கிறான் அவர் மகன். அம்மா மீதுள்ள பாசம், புரிகிறது. ஆனால் தலைப்பகுதிக் கட்டிக்குப் பெரும்பாலும் விப்பிள் அறுவைதான். கணையத்தின் தலையோடு முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயில் ஒரு பகுதி, சிலருக்கு இரைப்பையில் கொஞ்சம், எல்லாம் போகும். மிச்சக் கணையத்தைக் குடலோடு தைத்த இடத்தில் நீர் கசிந்தால் வாரக்கணக்கில் மருத்துவமனைவாசம். அப்புறம் இனிப்பு நீர் வரலாம், செரிமானத்துக்கு ஆயுள் முழுக்க என்சைம் மாத்திரை தேவைப்படலாம். வயதானவர்களுக்கு உயிராபத்தும் உண்டு.

அத்தைக்கு இருப்பது சீரஸ் வகை (உள்ளே தெளிந்த நீர் இருப்பது) என்றால் அது புற்றுநோயாவது மிக மிக அரிது. தொந்தரவு தராதவரை அதைத் தொடவே வேண்டாம். மியூசினஸ் வகை (உள்ளே சளி போன்ற திரவம் இருப்பது) அப்படியல்ல. பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களுக்கு, கணையத்தின் நடு, வால் பகுதிகளில் வரும். பின்னாளில் புற்றாகக் கூடியது. உடம்பு தாங்கும் என்றால் எடுத்துவிடுவதே நல்லது. கணையக் குழாயில் வளரும் ஐபிஎம்என் என்ற வகைக்கு, மருத்துவர்களுக்கென 2017இல் வந்த ஃபுக்குவோக்கா சர்வதேச வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. முதன்மைக் குழாய் 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்திருந்தால், உள்ளே ரத்த ஓட்டமுள்ள 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள முடிச்சு தெரிந்தால், தலைப்பகுதிக் கட்டியால் மஞ்சள் காமாலை வந்தால், அறுவைக்குத் தகுதியானவர்கள் தள்ளிப்போடக் கூடாது. 3 சென்டிமீட்டர் என்ற அளவு, எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் (வாய்வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்து எடுக்கும் ஸ்கேன்) செய்து உன்னிப்பாகப் பார்ப்பதற்கான அறிகுறி. அந்த எண்ணை மட்டும் வைத்து வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை.

கண்காணிப்பு என்றால் சும்மா விட்டுவிடுவது என்று நினைப்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. டாக்டர் சொன்ன இடைவெளியில் எம்ஆர்ஐக்குப் போகாமல், கஷாயம் குடித்துக்கொண்டு காமாலை வந்த பிறகு ஓடுவது கண்காணிப்பே இல்லை.

கணைய அறுவையை அடிக்கடி செய்யும் குழுவிடம்தான் முடிவை விட வேண்டும். சிலாங்கூரில் செலாயாங் மருத்துவமனையில் கல்லீரல், பித்தம், கணையத்துக்கென்றே அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. "வருஷத்துக்கு எத்தனை விப்பிள் செய்கிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தம்பியிடமும் அதையே சொல்லியிருக்கிறேன்: ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு அப்படி ஒரு குழுவிடம் இரண்டாவது கருத்துக் கேள், அதுவரை அட்மிஷன் படிவத்தில் கையெழுத்துப் போடாதே.